சலீம் அலி பழந்தின்னி வௌவால்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்குச் சொந்த ஊர் நெல்லையோ தேனியோதான். அந்த மலைகளில் வாழும் அரிய வௌவால் ஒன்றைப் பற்றியும், மும்பைக் குடியிருப்பு மரங்களில் தொங்கும் அதன் உறவினரைப் பற்றியும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

சலீம் அலி பழந்தின்னி வௌவால் என்பது எது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் மட்டும் வாழ்கிற, பழம் தின்னும் நடுத்தர அளவு வௌவால். அறிவியல் பெயர் லாட்டிடென்ஸ் சலிமாலி. லாட்டிடென்ஸ் என்றால் அகன்ற பல் என்று பொருள். அந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதியில், இது ஒன்றுதான் இருக்கிறது, கூடப்பிறந்தது என்று சொல்ல வேறு இனம் கிடையாது. தலையில் கருமை கலந்த பழுப்பு முடி, வெளிர்பழுப்புச் சிறகு, வயிற்றுப் பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு. உடல் நீளம் ஏறத்தாழ 10 செ.மீ. முன்கை எலும்பு 66 முதல் 69 மி.மீ. வால் வெளியே தெரியாது. பகலில் குகைகளில் தங்கும். மேகமலை, களக்காடு முண்டந்துறை, பெரியாறு ஆகிய காடுகளிலிருந்து பதிவுகள் உண்டு.

இந்த மலை வௌவாலுக்கும் மும்பைக்கும் என்ன சம்பந்தம்?

இது தனி இனம் என்று தெரியவந்ததே மும்பையில் இருந்த ஒரு மாதிரியை வைத்துத்தான். 1948இல் மேகமலைத் தோட்டமொன்றில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் ஒரு வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். 1883இல் தொடங்கிய அந்தக் கழகம்தான் இன்று காலா கோடாவுக்குப் பக்கத்தில் ஹார்ன்பில் ஹவுஸில் இருக்கும் பி.என்.எச்.எஸ். அங்கே அந்த மாதிரிக்குக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதிவிட்டார்கள். ஊரெங்கும் காணும் சாதாரண வௌவால் என்று பெயர் விழுந்த பிறகு யார் அதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்? இருபது வருடங்களுக்கு மேல் அது அப்படியே கிடந்தது.

தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லொங்யா அதை மறுபடி எடுத்து, வாலையும் பல்லையும் பார்த்து, இது புதுப் பேரினம் என்று 1972இல் எழுதினார். கழகத்தின் முதுகெலும்பாக இருந்த பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். உலகின் மிகச் சிறிய வௌவாலான, 2 கிராம் எடையுள்ள தாய்லாந்து வௌவாலைப் பிறகு கண்டெடுத்தவரும் இதே கிட்டிதான். அவர் 1974இல் காலமானார்.

பெயர் வைத்தாயிற்று, ஆனால் உயிரோடு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. 1993இல்தான் இங்கிலாந்தின் ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்தினரும் பி.என்.எச்.எஸ். ஆய்வாளர்களும் அதே மலையில் அதை மறுபடி கண்டார்கள். முதல் வௌவாலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 45 வருடம்.

எங்கள் சொசைட்டி நெட்டிலிங்க மரத்தில் தொங்குவது இதுவா?

இல்லை. மும்பையில் இந்த இனம் கிடையாது. 'அசோகா' என்று எல்லோரும் சொல்லும் நெட்டிலிங்கத்தில் இரவில் வந்து ஊதாப் பழம் தின்பது பெரும்பாலும் குறுமூக்குப் பழந்தின்னி, அதாவது 1948இல் சீட்டில் தவறாக எழுதப்பட்ட அதே இனம். காது ஓரத்தில் வெளிர்நிறக் கரை இருக்கும். கருத்த சிறகில் விரல் எலும்புகள் மட்டும் வெளிறிக் கோடு கோடாகத் தெரியும். ஆண் வௌவால் மரத்தின் சிறு கிளைகளையும் கொடிகளையும் கடித்துக் கடித்துக் குடில்போல ஒரு குழிவு உண்டாக்கி, அதற்குள் பெண்களோடு தங்கும்.

பைகுல்லா ராணி பாக் மரங்களில் பகலிலேயே கூட்டமாகத் தொங்கிக்கொண்டு சண்டை போடுவது இந்தியப் பறக்கும் நரி. சிறகு விரித்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். வீட்டு டியூப்லைட்டைச் சுற்றும் கட்டைவிரல் அளவு வௌவால்கள் பூச்சி தின்பவை, அது வேறு குடும்பக் கதை.

குறுமூக்கு வௌவாலையும் சலீம் அலி வௌவாலையும் எப்படிப் பிரித்து அறிவது?

பறக்கும்போது முடியாது. முன்கை நீளமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் என்பதால் அளவை மட்டும் வைத்தும் சொல்லக் கூடாது. இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது வால்: குறுமூக்கு வௌவாலுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவே ஒரு செ.மீ. அளவில் சிறு வால் நீட்டிக்கொண்டிருக்கும், சலீம் அலி வௌவாலுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். இரண்டாவது முன்பல்: குறுமூக்கு வௌவாலுக்கு மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் இரண்டிரண்டு ஜோடி, சலீம் அலி வௌவாலுக்கு ஒவ்வொரு ஜோடிதான்.

பழைய மாதிரிகளில் வால் ஒடிந்தோ சுருங்கியோ போயிருக்கலாம். அதனால் வால் இல்லை என்பதை மட்டும் நம்பாமல் பல்லையும் எண்ண வேண்டும். கைபேசிப் படத்தை அனுப்பி 'இது அரிய வௌவாலா?' என்று கேட்பவர்களுக்கு நாங்கள் தயங்குவது இதனால்தான். சிறகைப் போர்த்திக்கொண்டு தொங்கும் படத்தில் இந்த இரண்டுமே தெரியாது.

லீவுக்கு ஊருக்குப் போகிறோம். குகையைப் போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம். காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம் என்பது ஒரு பக்கம். முக்கியமான காரணம் வேறு. குகைக்குள் டார்ச் அடித்தால் வௌவால்கள் ஒரே சமயத்தில் கிளம்பும். தாயின் மார்பைப் பற்றியிருக்கும் குட்டி அப்போது தரையில் விழும், விழுந்ததைத் தாய் எப்போதும் திரும்ப எடுப்பதில்லை. பழந்தின்னி வௌவால்கள் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும் என்பதால் போனது போனதுதான். திரும்பத் திரும்பத் தொந்தரவு வந்தால் கூட்டமே குகையைக் கைவிட்டுவிடும். பொருத்தமான குகை பக்கத்திலேயே இன்னொன்று கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மலையில் அத்தி பழுத்த மரம் தெரிந்தால், தங்கியிருக்கும் விடுதி முற்றத்திலிருந்தே இருட்டிய பிறகு கவனியுங்கள். விளக்கில்லாமல், பேச்சில்லாமல் அரைமணி உட்கார்ந்தால் பழந்தின்னிகளின் சிறகடிப்பு கேட்கும். எந்த இனம் என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன.

இது ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது?

வாழும் பரப்பே சிறியது. அந்தப் பரப்புக்குள்ளும் பகலுக்குக் குகை, இரவுக்குப் பழமரம் என்று இரண்டும் ஒன்றுக்கொன்று பறக்கும் தூரத்தில் அமைய வேண்டும். ஒன்று போனாலும் மற்றது வீண்.

காட்டை அழித்துத் தோட்டம் போட்டது பழைய சேதம். இன்று கவனிக்க வேண்டியது தோட்டத்துக்குள் நடக்கும் மாற்றம். ஏலக்காயும் காப்பியும் நிழலில் வளர்பவை. காட்டு மரங்களையே நிழலுக்கு விட்டுவைத்த தோட்டத்தில் அத்தி வகைகளும், உருத்திராட்ச இனத்துக் காட்டு மரங்களும் பழம் தரும், இந்த வௌவாலும் அங்கே வரும். அவற்றை வெட்டிவிட்டுச் சீக்கிரம் வளர்கிறது, மிளகுக் கொடி ஏற்றலாம், தடிக்கு விலை வரும் என்று சில்வர் ஓக் நட்டால் நிழல் கிடைக்கும், பழம் கிடைக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது பச்சைப்பசேல் என்றுதான் தெரியும். வௌவாலுக்கு அது காலிச் சட்டி.

மூன்றாவது, இறைச்சிக்காகவும் 'மருந்துக்காகவும்' குகையில் பிடிப்பது. கூட்டமாக ஓரிடத்தில் தங்கும் விலங்கை ஒரு வலையில் மொத்தமாக வாரிவிடலாம் என்பதால் இந்தச் சேதம் மிகப் பெரியது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள இனம்.

வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்கிறார்களே?

வௌவால் கறி ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று எதுவும் கிடையாது. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் இருக்கிறது, சயான் மருத்துவமனைக்குப் போனாலே கிடைக்கும். வௌவாலைப் பிடிக்கும்போதும் உரிக்கும்போதும் கடியும் கீறலும் படும், அதன் எச்சிலும் இரத்தமும் கையில் படும். இருக்கிற வியாதியோடு புதியதொன்றையும் வாங்குவதுதான் மிச்சம். ஊரில் வயதானவர்கள் கேட்டால் சண்டை போடாமல் இதையே சொல்லுங்கள்.

காட்டுக்கு இதனால் என்ன பயன்?

பழந்தின்னி வௌவால் பழத்தை அப்படியே விழுங்குவதில்லை. வாயில் வைத்து நசுக்கிச் சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். அத்தி போன்ற பழங்களின் பொடி விதைகள் மட்டும் சாற்றோடு வயிற்றுக்குள் போகும். இதற்கு ஜீரணம் வேகம், பெரும்பாலும் அரைமணிக்குள் விதை வெளியே வந்துவிடும், அதுவும் பறந்துகொண்டே. பறவைகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து எச்சமிடும். வௌவால் மரமில்லாத வெட்டவெளியிலும் விதையைப் போடும், காடு திரும்ப முளைக்க வேண்டிய இடம் அதுதான். கொட்டை பெரிதாக இருந்தால் பழத்தைக் கவ்விக்கொண்டு இன்னொரு மரத்துக்குப் போய்த் தின்றுவிட்டுக் கொட்டையை அங்கே போடும்.

மகரந்தச் சேர்க்கையும் உண்டு. ஊரில் இலுப்பை மரம் பார்த்தவர்களுக்கு இரவில் பூவைத் தேடி வரும் வௌவால்கள் தெரிந்திருக்கும். இலுப்பை எண்ணெய் விளக்கு எரிந்த கோயில்களெல்லாம் வௌவாலுக்கும் கடன்பட்டவையே.

வௌவாலுக்குக் கண் தெரியாதாமே?

தவறு. பழந்தின்னிகளுக்குக் கண் பெரியது, மங்கிய வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும், மோப்பமும் கூர்மை. எதிரொலி வைத்துப் பறப்பது பெரும்பாலும் பூச்சி தின்னும் வௌவால்களின் வேலை.

ஆய்வாளர்கள் எப்படிப் பிடித்து அளக்கிறார்கள்? நாங்களும் செய்யலாமா?

செய்யக் கூடாது. மாநில முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வலை கட்டினாலே வேட்டைக் குற்றம். முறையைத் தெரிந்துகொள்ளலாம்.

மெல்லிய நைலான் மூடுபனி வலையை வௌவால் போகும் பாதைக்குக் குறுக்கே, தரைமட்டத்திலிருந்து மரத்தின் நடு உயரம் வரை கட்டுவார்கள். மழையிலும் பலத்த காற்றிலும் கட்டுவதில்லை. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளையும் தவிர்ப்பார்கள், நிலவொளியில் பழந்தின்னிகள் குறைவாகவே வெளியே வரும், வலையும் பளிச்சென்று தெரிந்துவிடும். 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வலையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் அனுபவமில்லாதவர்கள் தவறுவார்கள். ஒருமணி நேரம் விட்டுவிட்டால் வௌவால் வலையைக் கடித்துச் சுற்றி இறுக்கிக்கொள்ளும், சிறகுத் தோல் கிழியும், பதற்றத்திலேயே உயிர் போவதும் உண்டு.

எடுத்ததைத் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டு, வெர்னியர் அளவியில் முன்கை, சுருள்தராசில் எடை, பல், வால், ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டு பிடித்த இடத்திலேயே விடுவார்கள். சினையாகவோ குட்டியோடோ இருந்தால் எதையும் அளக்காமல் உடனே விட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மற்றப் பழந்தின்னிகளெல்லாம் பல வருடம் எலியோடும் காக்கையோடும் 'தீங்குயிர்' பட்டியலில் கிடந்தன. முதல் அட்டவணையில் இடம்பெற்ற வௌவால்கள் இரண்டே: ஒன்று சலீம் அலி வௌவால், மற்றது பெலகாவி அருகே பாராபேடே குகையில் வாழும் ராட்டன் வௌவால். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை, அதோடு 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2022 திருத்தத்தில் தீங்குயிர்ப் பட்டியலே நீக்கப்பட்டது, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 'பழந்தின்னி வௌவாலைக் கொன்றால் கேட்பாரில்லை' என்று இன்னும் சொல்பவர்கள் பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள்.

இடங்களைப் பொறுத்தவரை, களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்து 2021இல் புலிகள் காப்பகமாயின. புலிக்காகப் போட்ட வேலிக்குள் வௌவாலும் பிழைக்கிறது.

நிபா பயமாக இருக்கிறது. குடியிருப்பிலிருந்து வௌவால்களை விரட்டிவிடலாமா?

பயம் நியாயமானது, விரட்டுவது தீர்வல்ல. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது பறக்கும் நரியிடம் அந்தக் கிருமி இருப்பது உறுதியானது. 2020இல் மகாபலேஷ்வர் குகையில் எடுத்த வௌவால் மாதிரிகளிலும் புனே தேசிய நச்சுயிரியல் (வைராலஜி) நிறுவனம் அதன் தடயத்தைக் கண்டது. ஆனால் மரத்தில் தொங்கும் வௌவாலிலிருந்து கீழே நடந்துபோகிறவருக்கு நோய் தாவாது. எச்சிலோ சிறுநீரோ பட்ட பழம், நேரடித் தொடுகை, இவைதான் வழி. விரட்டினால் கூட்டம் சிதறிப் புதுப்புது மரங்களுக்குப் போகும், பதற்றத்தில் கிருமியை அதிகம் வெளியேற்றவும் வாய்ப்புண்டு.

செய்ய வேண்டியது எளிது. பல் பட்ட பழத்தைத் தின்னாதீர்கள். மும்பையில் குழந்தைகள் மரத்தடியில் பொறுக்கும் பாதாம் பழத்தில் பாதி வௌவால் கடித்துப் போட்டதுதான், அதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். மற்றப் பழங்களைக் கழுவித் தோல் சீவுங்கள்.

வௌவால் கடித்தாலோ கீறினாலோ, சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வௌவால் தொடர்பை உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகை, அதாவது மிகத் தீவிரம் என்று கணக்கிடுகிறது. தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்தும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால்?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. உள்ளே வரும் வௌவாலுக்கு அதிகம் அடிபடுவது விசிறியில்தான். உள்கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஜன்னல் கதவுகளை முழுக்கத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பெரும்பாலும் அரைமணிக்குள் போய்விடும். துடைப்பத்தால் அடித்தால் அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

புறா வலையிலோ மாஞ்சாவிலோ சிக்கிக்கொண்டால்?

மும்பையில் வௌவாலுக்கு வரும் காயங்களில் இவை இரண்டும் பெரியவை. சங்கராந்திப் பட்டம் விட்டு முடிந்த பிறகும் மாஞ்சா மரத்தில் பல மாதம் தொங்கும்.

இழுக்காதீர்கள். சிறகுத் தோல் காகிதம்போலக் கிழியும், எலும்பும் ஒடியும். வனத்துறையின் 1926 எண்ணுக்கு அழைத்து, வந்து எடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் வரத் தாமதமாகி நீங்களே செய்ய வேண்டி வந்தால், தடித்த தோல் கையுறை போட்டு, மடித்த துண்டால் தலையை மூடி உடலைத் தாங்கிக்கொண்டு, வௌவாலைச் சுற்றி ஒரு சாண் நூலை விட்டு வெட்டுங்கள். உடலில் சுற்றியிருக்கும் நூலை நீங்கள் பிரிக்க வேண்டாம். உள்ளே இறுகிய இடம் எது என்று மருத்துவர் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டியின் உள்பக்கச் சுவரில் பழைய துணியைப் பதித்து, அதைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும்படி வையுங்கள். தரையில் கிடத்தாதீர்கள். பெட்டி இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் இருக்கட்டும். பசும்பால் கொடுக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும்.

புறா வலை கட்டியிருந்தால் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்த வலைதான் சிக்கவைக்கும். பழமரத்துக்கு வலை போட நினைத்தால் கண் 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும், அதாவது சுண்டுவிரல் நுழையக் கூடாது. அதைவிடக் குலைகளுக்குத் துணிப்பை கட்டுவது மேல்.

குட்டி மட்டும் கீழே கிடந்தால்?

குறுமூக்கு வௌவால் வருடத்தில் இரண்டு முறை குட்டி போடும், பிப்ரவரி மார்ச் வாக்கிலும் ஜூன் ஜூலை வாக்கிலும். அடிபடாத குட்டி என்றால் கையுறையோடு எடுத்து, சொரசொரப்பான துணி சுற்றிய கூடையில் அதே மரத்தில் எட்டிய உயரத்தில் மாட்டி, இருட்டும்வரை பூனையும் காக்கையும் வராமல் தள்ளி நின்று பாருங்கள். தாய் வந்து கவ்விக்கொண்டு போகலாம். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்தும் வரவில்லை என்றால் 1926.

மழைக்கு முன் மரக்கிளை வெட்ட வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?

மும்பையில் எந்த மரத்தை வெட்டவும் 1975ஆம் ஆண்டு மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாநகராட்சியின் மர ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தில் வௌவால் பற்றி ஒரு வரியும் இருக்காது, அதைப் பார்க்க வேண்டியது குடியிருப்போர்தான். வெட்டுவதற்கு முந்தைய நாள் பகலில் நெட்டிலிங்கத்தின் உள்பக்கத்தையும், விசிறிப் பனைகளின் காய்ந்த மட்டைகளையும் கீழிருந்து நிமிர்ந்து பாருங்கள். மரத்தடியில் சக்கை உருண்டைகள் புதிதாகக் கிடந்தால் அங்கே வந்து தின்கின்றன என்று மட்டுமே பொருள். பகலில் தொங்கினால்தான் அது தங்குமிடம். தங்கினால் அந்தக் கிளையை விட்டுவிட்டு மற்றதை வெட்டச் சொல்லுங்கள். குட்டி இருந்தால் ஆறேழு வாரம் தள்ளிப்போடுங்கள்.

காரெல்லாம் கறையாகிறதே?

மரத்தடியில் நிறுத்தும் காருக்கு உறை போடுங்கள். சுவரில் பட்ட கறை காய்வதற்குள் தண்ணீர் பட்டால் போய்விடும். காய்ந்ததை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பாமல், நனைத்துத் துடையுங்கள்.

பி.என்.எச்.எஸ்.ஸில் அந்த 1948 மாதிரியைப் பார்க்கலாமா?

அது பெயரிடப்பட்ட மூல மாதிரி. ஓர் இனத்தின் பெயர் முழுக்க அந்த ஒற்றை உடலைச் சார்ந்து நிற்கிறது. அதனால் காட்சிக்கு வைப்பது வழக்கமில்லை, ஆய்வு செய்கிறவர்கள் எழுதிக் கேட்டுப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்குக் கழகத்தின் உரைகளும் நடைப்பயணங்களும் உண்டு, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் கன்ஹேரிக் குகைப் பக்கம் போனால் வௌவால்களையும் பார்க்கலாம்.

நீங்கள் பார்த்த எந்த வௌவாலையும் பதிவு செய்யும்போது தேதி, இடம், மரம், எத்தனை இருந்தன, வால் தெரிந்ததா இல்லையா என்று எழுதுங்கள். உறுதியில்லாத இடத்தில் இனத்தின் பெயர் எழுத வேண்டாம், 'பழந்தின்னி வௌவால்' என்று மட்டும் போதும். மேகமலைப் பக்கத்துக் குகை எதுவாக இருந்தாலும் அது இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் எழுதாதீர்கள்.